வலிக்காத பாதமும் நைலான் இழையும்

வெறுங்காலுடன் மரவள்ளித் தோட்டத்தில் நடக்கிறீர்கள். நெருஞ்சி முள் சுருக்கென்று குத்துகிறது. உடனே காலைத் தூக்குகிறீர்கள். முள்ளைப் பிடுங்கி எறிகிறீர்கள். வலியைத் தொல்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பாதத்தின் காவல்காரன். அந்தக் காவல்காரன் உறங்கிவிட்டால்?

நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. உடலில் மிக நீளமானவை பாதத்துக்குச் செல்லும் நரம்புகளே. ஆகவே பழுது பெரும்பாலும் அங்குதான் முதலில் தலைகாட்டுகிறது. குத்திய முள், சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை, செருப்புக்குள் புகுந்த சிறு கல் எதுவுமே தெரிவதில்லை. "வலி இல்லையே, அறுவடை முடியட்டும்" என்று நாள் கடத்துகிறோம். அதற்குள் புண் எலும்பை எட்டிவிட்டால் விரலையோ காலையோ இழக்க நேரிடலாம்.

வேலூரில் கிடைத்த பாடம்

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியதில் நம் அண்டை ஊருக்குப் பெரும்பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி இல்லாததால் அடிபட்டும் சுடுபட்டும் தேய்கின்றன என்று அவர் காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் இது பெரிதும் பொருந்தும். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மருத்துவமனைகளில் தரப்படும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பின் நோக்கமும் இதுவே: அழுத்தத்தைப் பரப்புவது.

சிறு கணக்கு ஒன்று போடுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பாதம் தரையைத் தொடும் பரப்பு 100 சதுர செ.மீ. என்று கொண்டால், ஒரு சதுர செ.மீ. தாங்குவது 600 கிராம். அதே எடை முழுவதும் 10 சதுர செ.மீ. பரப்பில் இறங்கினால் 6 கிலோ! காய்ப்பும் கால் ஆணியும் இப்படித்தான் ஒரே இடத்தில் அழுத்தத்தைக் குவிக்கின்றன.

அங்கே என்ன செய்வார்கள்?

பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பஸ் ஏறிப் பாத மருத்துவரிடம் செல்பவர்களுக்கு ஊசி, கத்தி என்ற அச்சம் இருக்கலாம். முதல் சோதனைகள் சிறிதும் வலிக்காதவை.

ஒரு தென்னை ஈர்க்கை உள்ளங்கையில் செங்குத்தாக ஊன்றி மெல்ல அழுத்துங்கள். சிறிது நேரம் நேராக நிற்கும். பிறகு சட்டென்று வளையும். வளைந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளங்கையில் படும் விசை அதிகம் கூடுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை ஆராய்ந்த தத்துவம் இது. வளையத் தேவையான விசை ஈர்க்கின் பருமனையும் நீளத்தையும் பொறுத்தது. அழுத்தும் கையின் பலத்தைப் பொறுத்ததன்று. 10 கிராம் விசையில் வளையும்படி செய்த நைலான் இழையைத்தான் மருத்துவர் உங்கள் பாதத்தில் வைக்கிறார். ஆகவே யார் சோதித்தாலும் அளவு ஏறக்குறைய ஒன்றே. அந்தத் தொடுதல் தெரியாவிட்டால் பாதம் ஆபத்தில் இருக்கிறது.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். தெரிந்தால் மட்டும் "தெரிகிறது" என்று சொல்லுங்கள். மருத்துவரைத் திருப்திப்படுத்த ஊகித்துச் சொன்னால் ஏமாறுவது உங்கள் கால்தான்.

அடுத்து, வினாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். பிறகு இரத்த ஓட்டம். பேனா போன்ற கருவி மீயொலியை அனுப்பி, ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கேட்கச் செய்யும். இது டாப்ளர் விளைவு. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். ஈவு 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் கால் தமனி சுருங்கியிருக்கிறது. 1.4ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டாம். தமனிச் சுவர் விறைத்துப்போயிருக்கலாம்.

புறப்படுமுன்

* மருந்துச் சீட்டுகள், சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.
* தினமும் போடும் பழைய செருப்பையே அணிந்து செல்லுங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்பது, உங்கள் எடை எங்கே இறங்குகிறது என்பதைச் சொல்லும்.
* காய்ப்பையும் கால் ஆணியையும் பிளேடால் சீவாதீர்கள். ஆணி மருந்தும் ஒட்டாதீர்கள்.
* புண்ணில் மஞ்சள், சாம்பல், பச்சிலை எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடினால் போதும்.
* வெந்நீரில் காலை ஊறவைக்காதீர்கள். உணர்ச்சியற்ற காலுக்குச் சூடு தெரியாது.
* பீடி, சிகரெட் வேண்டாம். புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

முறைச்சீட்டுக்குக் காத்திராமல் அன்றே ஓடவேண்டிய நிலைகளும் உண்டு. பாதம் சிவந்து வீங்குதல், ஒரு கால் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருத்தல், விரல் கறுத்தல், சீழ், துர்நாற்றம், புண்ணுடன் காய்ச்சல் ஆகியவை அவை. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, தாமதத்துக்குக் காரணமில்லை.

புண் இல்லாவிட்டாலும், நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இரவு படுக்குமுன் உள்ளங்காலுக்குக் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பார்வை மங்கிய முதியவர்களுக்கு வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். பாட்டியின் காலில் எதுவும் தெரியவில்லை என்றால் நல்லது. சிறு கீறல் தெரிந்தால், அதை அன்றே சொல்லும் காவல்காரர்கள் அவர்களே.