தொடாமல் விடவும் தெரிந்த கை

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இதயம் செயலிழக்கிறது. கோளாறு இதயத்தில் இல்லை, மூளையில். தமனிகளின் ரத்தம் நுண்குழாய்களைக் கடக்காமல், மூளையின் நடுவிலுள்ள ஒரு சிரைக்குள் நேரே கொட்டுகிறது. அந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுத்து ஈடுகொடுத்தே இதயம் களைத்துவிடுகிறது. ‘கேலன் சிரைக் கோளாறு’ என்பது இந்த அரிய பிறவி நோயின் பெயர். மண்டையைத் திறந்து அறுவை செய்த காலத்தில் பச்சிளம் குழந்தைகள் பிழைத்தது அபூர்வம்.

பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் பியேர் லஸ்ஜோனியாஸ் அந்த நிலையை மாற்றினார். தொடைத் தமனி வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, தவறான பாதையைப் பசையால் அடைத்தார். அதைவிடப் பெரிய கொடை என்று நான் நினைப்பது அங்கே உருவான மதிப்பெண் முறையை. இதயம், மூளை, மூச்சு, கல்லீரல், சிறுநீரகம் ஐந்துக்கும் சேர்த்து 21 மதிப்பெண். 8 முதல் 12 வரை என்றால் உடனே சிகிச்சை. 12-ஐத் தாண்டினால் மருந்து கொடுத்தபடி ஐந்தாம் மாதம்வரை காத்திருக்கலாம். 8-க்கும் கீழே போய்விட்டால் கதீட்டரை எடுப்பதில்லை. சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும் ஒரே அமர்வில் முழுதும் அடைத்துவிடக் கூடாது. இதயம் தேறும் அளவுக்கு அடைத்தால் போதும். லஸ்ஜோனியாஸ் 2008-இல் மறைந்தார். அந்தக் கணக்கு இன்றும் மருத்துவர்களுக்கு வழிகாட்டுகிறது.

ஸ்கேன் படங்களைப் பார்த்தபடியே கதீட்டர், ஊசி வழியாகச் சிகிச்சை தரும் துறை இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி. குழந்தைகளுக்கான அந்தத் துறையில் சேர நினைக்கும் இளம் மருத்துவர்கள் கருவிகளைப் பார்ப்பதற்கு முன் இந்த மதிப்பெண் அட்டையைப் படிக்க வேண்டும். எதை, எப்போதுவரை செய்யாமல் விடுவது என்ற அறிவுதான் இந்தத் துறையின் உயிர்.

பெரியவர்களுக்கான இத்தகைய சிகிச்சை 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது. சார்லஸ் டாட்டர் ஒரு மூதாட்டியின் அடைபட்ட கால் தமனியைக் கத்தியின்றித் திறந்தார். அதன்பின் வந்த கதீட்டர், கம்பி, ஸ்டென்ட் எல்லாம் பெரும்பாலும் பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்தவை. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 மில்லிதான். கதீட்டரைக் கழுவ விடும் உப்புநீரையும் மில்லி மில்லியாகக் கணக்கு வைக்க வேண்டும். கதீட்டர் சிகிச்சை நடக்கும் குளிரூட்டிய அறையில் உடம்புச் சூடு சட்டென இறங்கிவிடும். தொடைத் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், பின்னாளில் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகலாம். கதிர்வீச்சும் வளரும் திசுவைக் கூடுதலாகப் பாதிக்கிறது. அதன் விளைவு வெளிப்பட நீண்ட ஆயுளும் முன்னே கிடக்கிறது. அமெரிக்காவில் 2008-இல் ‘இமேஜ் ஜென்ட்லி’ இயக்கம் பிறந்தது இந்தக் கவலையில்தான். கதிரை விட்டுவிட்டுப் பாய்ச்சுவது, தேவையான இடத்தில் மட்டும் விழச்செய்வது, முடிந்தபோதெல்லாம் அல்ட்ராசவுண்டுக்கு மாறுவது எல்லாம் இந்தத் துறையில் அன்றாட ஒழுக்கம்.

கேலன் சிரை தினமும் வருவதில்லை. தினமும் வருவது ‘பிக் லைன்’. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு வாரக்கணக்கில் மருந்து ஏற்றுவதற்காக, கைச் சிரை வழியே இதயத்தருகே கொண்டுபோய் நிறுத்தும் குழாய் அது. அது இல்லாவிட்டால் தினம் ஓர் ஊசி, தினம் ஓர் அழுகை. இதைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறுநீரகம் பழுதாகிவரும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கையில் பிக் லைன் போட்டால், பிற்காலத்தில் டயாலிசிஸுக்குத் தேவைப்படும் சிரை கெட்டுவிடக்கூடும். அதனால் கழுத்துச் சிரையை நாடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் இருபது வயதை இன்றே யோசித்து எடுக்கும் முடிவு இது.

சீழ் வடிப்பது, கல்லீரலிலிருந்து திசு எடுப்பது, நிணநீர்க் கட்டியை மருந்து செலுத்திச் சுருக்குவது என வேலைகள் பல. என்னை நெகிழவைப்பது விழித்திரைப் புற்றுநோய்ச் சிகிச்சை. ஜப்பானிய மருத்துவர்களின் முந்தைய முயற்சிகளைத் தொடர்ந்து, 2006-இல் நியூயார்க்கில் டேவிட் ஏப்ரம்சனும் பியேர் கோபனும் கண்ணுக்குச் செல்லும் தமனியின் வாயிலிலேயே கதீட்டரை நிறுத்தி மெல்ஃபலான் மருந்தைச் செலுத்தினார்கள். அகற்றியே தீர வேண்டும் என்றிருந்த கண்களில் பல தப்பின.

இந்தியாவில் இந்தத் துறைக்குள் வர நேர்வழி இல்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. ரேடியாலஜி மூன்று ஆண்டு, பிறகு டி.எம். என்னும் உயர்சிறப்புப் படிப்பு மூன்று ஆண்டு. மூளை நாளங்களில் நாட்டமுள்ளவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் தனி டி.எம். உண்டு. குழந்தைகளிடம் கை பழக, டொரன்டோவின் சிக்கிட்ஸ் போன்ற மருத்துவமனைகளில் ஃபெலோஷிப் தேட வேண்டியிருக்கும். முப்பது வயது தாண்டிவிடும். ஈய அங்கியின் பாரமும் நள்ளிரவு அழைப்புகளும் அதற்குப் பிறகும் தொடரும். வீட்டாரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

துறையோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2023-இல் பாஸ்டனில் டேரன் ஆர்பாக் குழுவினர், 34 வாரக் கருவில் இருந்த குழந்தையின் கேலன் சிரைக் கோளாற்றுக்குத் தாயின் வயிற்றின் வழியே ஊசி செலுத்திச் சிகிச்சை அளித்தார்கள். பிறந்தபின் அந்தக் குழந்தைக்கு இதயத்தைத் தாங்கும் மருந்துகள் தேவைப்படவில்லை. இன்று எம்.டி. முதலாண்டில் இருப்பவர் தேர்ச்சி பெற்று வரும்போது, தாயும் சேயும் ஒரே மேஜையில் அவருக்காகக் காத்திருக்கலாம். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், மயக்க மருந்து நிபுணர்களோடும், மகப்பேறு ஸ்கேன் அறையிலும் சில வாரங்களை அவர் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.