சல்லடையும் துலாக்கோலும்

நுழையும்முன்

ஒருவர் கஞ்சா உட்கொண்டாரா என்னும் வினாவிற்கு அவருடைய சிறுநீரே விடை கூறும். அவ்விடை அவரது வேலையையும் விடுதலையையும் பாதிக்கக்கூடியது. ஆதலின், அதனைத் தடய அறிவியல் எவ்வாறு பிழையறக் காண்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

முத்துக்கரை காட்டும் வழி

தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் சிறந்திருந்த காலத்தில், வணிகர்கள் முத்துகளை வெவ்வேறு அளவுத் துளைகளையுடைய பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்தனர். பின்னர் ஒளியும் உருட்சியும் நோக்கி, மஞ்சாடி எடையிட்டு மதித்தனர். சல்லடையில் தங்கியதனாலேயே எந்த முத்தும் உயர்ந்ததாகிவிடவில்லை.

இன்று இக்கடல்வழியே இலங்கைக்குக் கடத்தப்படும் கஞ்சாப் பொதிகள் அவ்வப்போது பிடிபடுகின்றன. பொதியிலுள்ள பொருளை ஆராய்வது ஒருவகைச் சோதனை. மனிதர் அதனை உட்கொண்டாரா எனக் காண்பது வேறுவகை. பின்னதற்குரிய சிறுநீர்ச் சோதனையும் சலித்தல், எடையிடல் போன்ற இரு நிலைகளை உடையது.

தேடப்படும் பொருள்

கஞ்சாவின் போதைக்குக் காரணமான வேதிப்பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால் ஆகும். கல்லீரல் இதனைப் படிப்படியாக ஒரு கார்பாக்சிலிக் அமிலமாக மாற்றுகிறது. சிறுநீரில் ஆய்வகம் தேடுவது இவ்வமிலத்தையே. மாதிரியில் நீர் கலக்கப்பட்டதா என்பதை வெப்பநிலையும் கிரியேட்டினின் அளவும் காட்டிவிடும்.

இரு நிலைகள்

முதல் நிலையில், கஞ்சாவின் விளைபொருள்களோடு பிணையும் எதிர்ப்பொருள் பயன்படுகிறது. இச்சோதனை விரைவானது, எனினும் முடிவானதன்று. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் போன்ற மருந்துகளும் இதில் தவறான விடையைத் தரக்கூடும்.

இரண்டாம் நிலையில், சிறுநீருடன் காரம் சேர்த்து அமிலத்தின் பிணைப்பு நீக்கப்படுகிறது. கரைப்பானால் பிரித்தெடுக்கப்பட்ட அமிலம், எளிதில் ஆவியாகும் சேர்மமாக மாற்றப்படுகிறது. வாயு வண்ணப்பிரிகைக் கருவி அதனைப் பிற பொருள்களிலிருந்து பிரிக்கிறது. நிறை நிறமாலைமானி அதன் மூலக்கூற்றைத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளின் நிறையால் அடையாளம் காண்கிறது. டியூட்டீரியம் அணுக்களைக் கொண்ட அதே அமிலம் குறிப்பிட்ட அளவில் முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும். மஞ்சாடியைப் போல அதுவே அளவுகோலாகிறது.

அமெரிக்க நடுவண் அரசின் பணியிடச் சோதனை நெறிமுறைகளில், ஒரு மில்லி லிட்டருக்கு முதல் நிலை வரம்பு 50 நானோகிராம். உறுதிநிலை வரம்பு 15 நானோகிராம். நானோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. முதல் நிலை பல விளைபொருள்களைச் சேர்த்தும், இரண்டாம் நிலை ஒன்றை மட்டும் தனித்தும் அளப்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

சோதனையின் எல்லை

இப்பொருள் உடற்கொழுப்பில் தங்குவதால், ஒருமுறை உட்கொண்டவரிடம் சில நாள்களும் நாள்தோறும் உட்கொண்டவரிடம் பல வாரங்களும் தடயம் காணப்படலாம். எனவே, இச்சோதனை உட்கொண்டமையைக் காட்டுமேயன்றி, அவர் குறிப்பிட்ட நேரத்தில் போதையில் இருந்தார் என்பதை நிறுவாது.

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன் 27ஆம் பிரிவு, போதைப்பொருள் உட்கொள்வதைக் குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 64அ பிரிவு, அடிமைப்பட்டவர் தாமே முன்வந்து ஏற்பளிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து காப்பளிக்க வழிசெய்கிறது. ஒருவரைத் தண்டிக்கவும் மீட்கவும் சட்டம் இடந்தருவதால், சல்லடையின் சொல்லை மட்டும் கேட்டு முடிவு செய்தல் முறையன்று. துலாக்கோலின் சொல்லையும் கேட்டல் வேண்டும்.