நோ என்ட்ரி... ஃபைன் யாருக்கு பாஸ்?

சாக்கோட்டை பக்கமிருந்து காரைக்குடி காலேஜுக்கு பஸ் ஏறுபவர்களுக்கு லாரி ஒன்றும் புதுசு இல்லை. பக்கத்திலேயே புதுவயல். எங்கே பார்த்தாலும் ரைஸ் மில். நெல் மூட்டையோடு ஒரு லாரி உள்ளே வரும், அரிசி மூட்டையோடு இன்னொன்று வெளியே போகும். பின்னாடி மாட்டிக்கொண்ட பஸ்ஸில் நின்றபடி, 'இந்த லாரிங்களுக்கு பெரிய ஃபைனா போட்டாத்தான் சரிப்படும்' என்று நாமும் புலம்பியிருப்போம்.

ஃபைன் ஏற்கெனவே இருக்கு மக்கா. அதுவும் சும்மா இல்லை, செம ஃபைன்!

லோடு ஏற்றிய லாரி பெரிய ஊர் எல்லைக்குப் போனதும் ஒரு போர்டு வரவேற்கும். சிவப்பு வட்டம், உள்ளே லாரி படம், கீழே நேரம். அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தால் அபராதம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவுதான் இதற்கு ஆதாரம். மக்கள் பாதுகாப்புக்காகவோ, வசதிக்காகவோ, ரோடு அல்லது பாலத்தின் நிலைமைக்காகவோ மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ வண்டிகளைத் தடுக்கலாம். ஆனால் கெஜட்டில் அறிவிக்க வேண்டும், பொருத்தமான இடத்தில் போர்டு வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடைக்கு மட்டும் கெஜட் தேவையில்லை, ஊருக்குள் தெரியப்படுத்தினால் போதும். கோயில் திருவிழா சமயத்தில் திடீரென்று ரூட் மாறுகிறதே, அதற்கெல்லாம் கைகொடுப்பது இந்த ஒரு மாதக் கணக்குதான்.

இந்தத் தடையை மீறினால் 194-வது பிரிவு. ஓவர்லோடுக்கும் அதே பிரிவுதான். முன்பு குறைந்தபட்சம் 2,000 ரூபாய். 2019 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த திருத்தம் அதை ஒரே தாவலில் 20,000 ஆக்கிவிட்டது. கூடுதல் எடை இருந்தால் டன்னுக்கு 2,000 தனி. எடை சரியாக இருந்து, தப்பான நேரத்தில் தப்பான தெருவில் நுழைந்தால்கூட சட்டப் புத்தகத்தில் 20,000தான். ஸ்பாட்டில் கட்டும் தொகையை 200-வது பிரிவின்படி மாநில அரசே முடிவு செய்யலாம் என்பதால், மாநிலத்துக்கு மாநிலம் ரசீது மாறும்.

இவ்வளவு கறார் தேவையா? தேவைதான். 2025 ஜூனில் சென்னை பெரம்பூரில், அம்மாவோடு ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்துபோனாள். அது கனரக வண்டிகள் ஓடக்கூடாத நேரம். தடை இருந்தது, ஃபைன் இருந்தது, லாரியும் ஓடியது. போக்குவரத்துப் போலீஸ் அதிகாரி சஸ்பெண்ட் ஆனதும், கெடுபிடி கூடியதும் அதற்குப் பிறகுதான். காலை எட்டரை மணிக்கு ரோட்டில் இருப்பது ஸ்கூல் பிள்ளைகளும், டூ வீலரில் பறக்கும் நாமும்தான். அந்த நேரத்தில் லாரியை வெளியே நிறுத்துவதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

ஆனால் லாரி ஏன் அந்த நேரத்தில் உள்ளே வந்தது என்று யாராவது கேட்கிறோமா? டிரைவருக்கு மட்டும் காலை டிராஃபிக்கில் ஓட்ட ஆசையா என்ன! 'ஒன்பது மணிக்குள்ள சரக்கு வந்தாகணும்' என்பது வாங்குகிற கடைக்காரர். 'லேட்டானா வாடகையில கழிச்சிடுவாங்க' என்பது லாரி ஆபீஸ். 'இன்னொரு டிரிப் அடிச்சாத்தான் டியூ கட்ட முடியும்' என்பது ஓனர். நேரத்தை முடிவு செய்வது இவர்கள். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவர் மாட்டிக்கொள்கிறார். கேமராவில் சிக்கினால் இ-சலான் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஓனர் பெயருக்குத்தான் போகும். ஆனால் அது டிரைவர் படியில் கை வைக்காமல் விடுமா என்பது வேறு கதை. நம்ம கிளாஸிலேயே லாரி டிரைவர் வீட்டுப் பசங்க இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

சட்டம் இதில் டிரைவரை மட்டும் குறி வைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 194-வது பிரிவு, ஓட்டுபவரை மட்டுமல்ல, 'ஓட்ட வைப்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும்' தண்டிக்கலாம் என்கிறது. அந்த வார்த்தைகளை நாம்தான் தூசி தட்டாமல் வைத்திருக்கிறோம்.

லண்டனில் இதை வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத் தடை பகலில் இல்லை, ராத்திரியிலும் வார இறுதியிலும். நம்ம ஊருக்கு அப்படியே உல்டா! தூங்குகிறவர்களுக்குச் சத்தம் கேட்கக்கூடாதாம். 1980-களில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மீறினால் கம்பெனிக்கு 550 பவுண்ட், டிரைவருக்கு 130 பவுண்ட் என்று பல வருடம் வைத்திருந்தார்கள். நாலு மடங்குக்கும் மேலே! கம்பெனிக்கு வலித்தால்தான் டைம் டேபிள் மாறும் என்ற கணக்கு.

டெல்லி கதை இன்னொரு பாடம். ஊருக்குள் வேலையே இல்லாத லாரிகள்கூட ஷார்ட்கட்டாக டெல்லிக்குள் நுழைந்தன. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் போட்டது. சின்ன சரக்கு வண்டிக்கு 700, பெரியதுக்கு 1,300. டிசம்பரிலேயே அது இரண்டு மடங்கு. ஊரைச் சுற்றிப் போக கிழக்கு, மேற்கு எக்ஸ்பிரஸ் ரோடுகள் முழுசாகத் திறந்தது 2018-ல்தான். அதுவரைக்கும் 'உள்ளே வராதே' என்று சொல்லலாம், 'எந்த வழியா போறது?' என்று டிரைவர் கேட்டால் பதில் திருதிரு!

என்னைக் கேட்டால், ஃபைனை ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம். ரசீதில் இரண்டாவது பெயராக லோடு அனுப்பியவரும் ஏறட்டும். ராத்திரி சரக்கு இறக்கக் கடையைத் திறந்து வைக்கட்டும். எல்லையில் காத்திருக்கும் லாரிக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் வரட்டும். பகல் முழுக்க ரோட்டோரம் கிளீனரோடு வெயிலில் கிடந்தவர், ராத்திரி பத்து மணிக்கு அரைத் தூக்கத்தில் ஊருக்குள் வண்டி ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை.

அப்புறம், நம்ம ஊர் ஸ்கூல் வாசலில் காலையில் லாரி வரக்கூடாது என்று தோன்றினால் கேட்க வழி இருக்கிறது. திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் கூட்டம். மனுவில் எந்த ரோடு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த வண்டி, சுற்றிப் போக எந்த வழி என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதாத மனுதான் நிறைய.