மொய் விருந்துக்குத் தடை... கேக் வெட்டினால் அபராதம்!

"பிரதமருக்கே ஃபைன் போட்டுட்டாங்களாம்யா!"

2022 ஏப்ரல் 13-ம் தேதி காலை பத்தரை மணி. எங்கள் புதுக்கோட்டை ஆபீஸில் ஃபைலைப் பிரிப்பதற்கு முன்னால் பேப்பரைப் பிரிப்பது பரம்பரை வழக்கம். ஹெட்கிளார்க் சத்தமாகப் படிக்க, நாங்கள் டீ கிளாஸோடு சூழ்ந்து நின்றோம்.

"எந்தப் பிரதமர் சார்?" என்று பதறினான் டைப்பிஸ்ட் பையன்.

"பயப்படாதே. லண்டன் பிரதமர். போரிஸ் ஜான்சன். ஊரடங்கு நேரத்துல ஆபீஸ்லயே பிறந்த நாள் கொண்டாடினாராம். ஐம்பது பவுண்டு அபராதம். நம்ம ரூபாய்க்கு சுமார் ஐயாயிரம்."

ஆபீஸே சிரித்தது. "ஒரு கேக்குக்கா? நம்ம ஊர்ல தலைவர் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டலேன்னாதான் சார் ஃபைன்!" என்று ஒருவர் எடுத்துவிட, சிரிப்பு ரெக்கார்ட் ரூம் வரை கேட்டது.

சிரிக்காதவர் ஒரே ஒருவர். என் மாமா. பட்டா விஷயமாகக் கீரமங்கலம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் மேஜைக்குப் பக்கத்தில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மாப்ள... அந்த ஊர் சனங்க என்ன சொன்னாங்க?" என்றார்.

"கொதிச்சுப் போயிட்டாங்க மாமா. பதவியை விட்டு இறங்குன்னு கத்தறாங்க."

"கத்துவாங்கல்ல..." என்று சொல்லிவிட்டு, பையைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார். அந்தக் குரலில் என்னவோ இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

*

லண்டன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-ல் கொரோனா வந்ததும் வெளியில் வராதே, கூட்டம் கூடாதே என்று சட்டம் போட்டது ஜான்சனின் அரசு. அதே வருஷம் மே 20-ம் தேதி, பிரதமர் குடியிருக்கும் டவுனிங் தெருத் தோட்டத்தில் பார்ட்டி. 'அவரவர் சரக்கை அவரவரே கொண்டு வரவும்' என்று ஈமெயிலில் அழைப்பு! ஜூன் 19-ம் தேதி, மந்திரி சபை கூடும் அறையிலேயே பிரதமருக்குப் பிறந்த நாள் விழா. அதில் கலந்துகொண்ட நிதி மந்திரி ரிஷி சுனக்கும் அபராதம் கட்டினார். நம்ம இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியின் மாப்பிள்ளைதான். பின்னாளில் அவரே பிரதமரும் ஆனார் என்பது தனிக்கதை.

மொத்தம் 83 பேருக்கு 126 அபராதங்கள். எல்லாமே பிரதமர் மாளிகை வட்டாரத்து ஆசாமிகள்.

இதில் அந்த ஊர்க்காரர்களைச் சுட்டது கேக்கும் அல்ல, மதுவும் அல்ல. 2021 ஏப்ரல் 17-ம் தேதி எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப்புக்கு இறுதிச் சடங்கு. முப்பது பேருக்குத்தான் அனுமதி. தொண்ணூறைத் தாண்டிய மகாராணி, கறுப்பு மாஸ்க்கோடு தேவாலயத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின ராத்திரி டவுனிங் தெருவில் இரண்டு பார்ட்டி. சூட்கேஸில் ஒயின் வந்ததாம்! பிறகு அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

மகாராணிக்காவது மன்னிப்பு கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று அப்பாவுக்குக் கை அசைத்தவர்கள், அம்மாவின் கடைசி மூச்சை செல்போன் திரையில் பார்த்தவர்கள் எத்தனை ஆயிரம்! 2021 டிசம்பரில் ஒரு வீடியோ டி.வி-யில் வந்தது. 'பார்ட்டி பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?' என்று பிரதமரின் ஊழியர்களே ஒத்திகை பார்த்துச் சிரிக்கும் காட்சி. அந்தச் சிரிப்பைத்தான் ஜனங்களால் தாங்க முடியவில்லை. 'அப்ப சட்டத்தை மதிச்ச நான்தான் கேணையனா?' என்ற கேள்வி வந்துவிட்டது.

*

மாமாவின் கேள்வியும் அதேதான். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்தான் மனசு திறந்தார்.

எங்கள் மாவட்டத்தைத் தெரியாதவர்களுக்கு மொய் விருந்து பற்றிச் சொல்ல வேண்டும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் ஆடி, ஆவணி வந்தால் ஊரே கறிச்சோறு மணக்கும். ஒரு குடும்பம் பொதுவாக ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விருந்து வைக்கும். ஆயிரக்கணக்கில் வந்து சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். வட்டியில்லாத கடன் அது. வாங்கியவர், கொடுத்தவரின் விருந்தில் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும். பாண்டுப் பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நோட்டும் நாக்கும்தான்.

மாமா கடைசியாக விருந்து வைத்தது 2015-ல். அடுத்த முறை 2020 ஆடி. நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையை எல்லாம் வேரோடு சாய்த்தது. காய்ப்பு போன பிறகும், மற்றவர்கள் விருந்தில் மொய் வைப்பதை மட்டும் மாமா நிறுத்தவில்லை. ஐந்து வருஷத்தில் ஊர் முழுக்க எட்டு லட்சம் ரூபாய் வைத்திருந்தார். அதை நம்பித்தான் மகளை இன்ஜினீயரிங் சேர்த்திருந்தார்.

வந்தது கொரோனா. கல்யாணத்துக்கு ஐம்பது பேர், சாவுக்கு இருபது பேர் என்று அரசு கணக்குப் போட்டது. மொய் விருந்தா? மூச்!

"அம்பது பேருக்குக் கறிச்சோறு போட்டு எட்டு லட்சத்தை எப்படி மாப்ள வசூல் பண்றது? சில பேரு ராத்திரியோட ராத்திரியா கமுக்கமா வைக்கச் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன். நம்ம சோத்தைத் தின்னுட்டு எவனாவது செத்தா, அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் போகாது. அஞ்சு வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டினேன்."

ஒரு சோடாவை உடைத்து நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம்தான் மாப்ள டி.வி-யைப் பார்த்தேன்..."

*

மாமா டி.வி-யில் பார்த்தது என்ன? நானே தேதிவாரியாகச் சொல்கிறேன். எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் இலையில் இடம் இருக்கிறது.

2020 நவம்பர் 6. கொரோனாவைக் காட்டி அரசு அனுமதி மறுத்த வேல் யாத்திரையைத் திருத்தணியில் தொடங்கினார் தமிழக பா.ஜ.க. தலைவர் எல்.முருகன். கைது. சாயங்காலம் விடுதலை. அடுத்த ஊரில் மறுபடி கூட்டம், மறுபடி கைது, மறுபடி விடுதலை. டிசம்பர் 7-ம் தேதி திருச்செந்தூரில் ஒருவழியாக முடிந்தது.

நவம்பர் 20. திருக்குவளையில் பிரசாரத்தைத் தொடங்கிய தி.மு.க-வின் உதயநிதி கைது, விடுதலை. டிசம்பரில் தி.மு.க. ஊர் ஊராக நடத்திய கிராம சபைக் கூட்டங்களுக்கும் கூட்டம் குறைவில்லை.

நவம்பர் 21. யாத்திரையைத் தடுத்த அதே அ.தி.மு.க. அரசின் விழாவுக்கு அமித் ஷா சென்னை வந்தார். விமான நிலையத்துக்கு வெளியே அ.தி.மு.க-வும் பா.ஜ.க-வும் சேர்ந்து திரட்டிய கூட்டம். அவரும் காரைவிட்டு இறங்கி ரோட்டில் நடந்து கை அசைத்தார்.

அந்தச் சமயம் மாஸ்க் போடாதவனுக்கு அபராதம் 200 ரூபாய். துப்பினால் 500. இடைவெளி விடாமல் நின்றால் 500. சுகாதாரத் துறை மந்திரி சி.விஜயபாஸ்கர் எங்கள் மாவட்டத்து விராலிமலைத் தொகுதிக்காரர். டாக்டருக்குப் படித்தவர். மாஸ்க் போடுங்க, கை கழுவுங்க என்று அவர் அறிவுரை சொல்லாத நாளே கிடையாது. நாங்களும் கழுவினோம்.

பிறகு 2021 தேர்தல். எங்கள் மாவட்டத்தின் ஆறு தொகுதியிலும் தெருவுக்குத் தெரு ஜனவெள்ளம். ஏப்ரல் 6-ம் தேதி ஓட்டுப் பதிவு. ஏப்ரல் 26-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்ஜீப் பானர்ஜி, இரண்டாவது அலைக்குத் தேர்தல் கமிஷன்தான் பொறுப்பு, கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குக் காய்ச்சி எடுத்தார். உச்ச நீதிமன்றமோ அந்த வார்த்தை கடுமையானது என்றது. மே 2-ம் தேதி ரிசல்ட். வெற்றிக் கொண்டாட்டத்துக்குக் கமிஷன் தடை போட்டிருந்தும் அறிவாலய வாசலில் பட்டாசு. கொண்டாடியது தி.மு.க. தொண்டர்கள். சஸ்பெண்ட் ஆனது தேனாம்பேட்டை இன்ஸ்பெக்டர்!

மே 21-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த மாசம்தான் மாமாவின் அண்ணன் போனார். சாவுக்கு இருபது பேர். நான் இருபத்தோராவது ஆள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். பெரிய மாமாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

*

சரி, லண்டன்காரன் கொதித்தான். நாம் ஏன் கொதிக்கவில்லை?

நமக்குக் கோபமே வராது என்று சொல்ல முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜைப் போலீஸ் பிடித்துப் போனது. தேடிப் போன மகன் பென்னிக்ஸும் மாட்டினார். சில நாளில் அப்பாவும் மகனும் பிணமானார்கள். தமிழ்நாடே கொந்தளித்தது. வியாபாரிகள் கடையடைப்பு செய்தார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. ஜெயராஜைப் பிடித்துப் போன தேதி என்ன தெரியுமா? ஜூன் 19. லண்டன் மந்திரி சபை அறையில் பிறந்த நாள் கொண்டாடிய அதே நாள்!

ஆக, எளியவன் மீது சட்டம் பாய்ந்தபோது நமக்குக் கோபம் வந்தது. பெரியவர் சட்டத்தைத் தாண்டியபோது வரவில்லை. எனக்குத் தெரிந்து காரணம் இரண்டு.

ஒன்று, எல்லாக் கட்சியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. யாரைத் திட்ட? 'அவர் மட்டும் ஒழுங்கா?' என்று பதில் தயாராக இருந்தது.

இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பெரிய மாமா சாவுக்குப் போகாத இதே நான், அதற்கு இரண்டு மாசம் முன்னால் ஆபீஸ் நண்பர்களோடு தேர்தல் கூட்டத்துக்குப் போனேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மூன்று கட்சிக் கூட்டத்துக்கும் போனேன்! மாஸ்க் தாடையில் இருந்தது. அப்படியிருக்க எந்த வாயால் கேட்பேன்?

தேர்தலுக்கு முன்பு 2021 பிப்ரவரியில், ஊரடங்கு மீறல் வழக்குகளில் சுமார் பத்து லட்சத்தை வாபஸ் வாங்குவதாக முதல்வர் பழனிசாமி அறிவித்தார். எங்கள் ஆபீஸில் இரண்டு பேருக்கு ஸ்கூட்டர் கேஸ் தீர்ந்தது. ஸ்வீட் சாப்பிட்டோம். மாமாவைப் போல மீறாமலே இருந்தவருக்கு வாபஸ் வாங்க என்ன இருக்கிறது?

*

லண்டனில் நோட்டை மூடவில்லை. 2022 ஜூனில் மகாராணி விழாவுக்காகத் தேவாலயப் படியேறிய ஜான்சனைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது. வேறு ஒரு விவகாரமும் சேர்ந்துகொள்ள, ஜூலை 7-ம் தேதி பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்த வருஷம் எம்.பி. பதவியும் போனது. பார்லிமென்ட்டைத் தவறாக வழிநடத்தினார் என்ற கமிட்டியின் அறிக்கையை 2023 ஜூன் 19-ம் தேதி 354-க்கு 7 ஓட்டில் சபை ஏற்றது. பாவம், அன்றைக்கும் அவருக்குப் பிறந்த நாள்!

மாமா 2022 ஆடியில் விருந்து வைத்தார். இரண்டு வருஷம் தாமதம். கொரோனாவில் செத்துப் போனவர்கள் பெயரும் நோட்டில் இருந்தது. 'அப்பா பேருக்குக் கழிச்சுக்குங்க' என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்து எழுதிவிட்டுப் போனார்கள். நோட்டைப் பார்த்தபடி மாமா சொன்னார்:

"வீட்டுக்குள்ள கெடன்னாங்க, கெடந்தோம். அதுவும் ஒரு மொய்தான் மாப்ள. சர்க்காருக்கு நாம வச்சது. அவங்க திருப்பி வைக்கலை. வைக்காதவன் பேரையாவது குறிச்சு வைக்கணும்ல? நோட்டே போடலைன்னா எப்படி?"

நான் பதில் தெரியாமல் தலையாட்டினேன். அவர் விரல் நோட்டில் ஓடி ஓர் இடத்தில் நின்றது.

"அது கெடக்கட்டும். உன் கல்யாணத்துக்கு நான் வச்சது அஞ்சாயிரம். நீ இப்ப எழுதியிருக்கிறது மூவாயிரம். என்ன மாப்ள கணக்கு?"

போரிஸ் ஜான்சன் கட்டிய அதே ஐயாயிரம்! மறுபேச்சில்லாமல் பர்ஸை எடுத்தேன்.