உழவு இயந்திரத்தின் கிறீஸ் நிப்பிள்களைப் பேணுதலும் மாற்றுதலும்

கண்டி நகரைச் சூழவுள்ள வயல்களிற் பல, மலைச்சரிவிற் படிபடியாக அமைந்த சிறு வயல்களாம். அங்கே இருசக்கர உழவு இயந்திரமும், அகன்ற வயல்களில் நாற்சக்கர உழவு இயந்திரமும் பயன்படுகின்றன. வயலிற் சேறும், மரக்கறித் தோட்டத்தில் மண்தூசியும் இயந்திரத்தின் உராயும் உறுப்புகளுக்குப் பகையாகும்.

வாய்க்கால் நீர் முறைப்படி வரும் நாளிலே, நாற்று முதிர்ந்து நிற்கும் வேளையிலே இயந்திரம் நின்றுவிடின், இழப்பு ஒரு பெயாரிங்கின் விலையோடு முடிவதில்லை, பருவமும் தவறிவிடும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, இறக்குமதி உதிரிப்பாகங்களின் விலை எவ்வளவு ஏறிற்று என்பதைக் கமக்காரர் மறந்திரார். பெரிய பெயாரிங்கைக் காப்பது சிறிய கிறீஸ் நிப்பிளே.

நிப்பிளின் அமைப்பு

நிப்பிளின் வாயில் ஒரு சிறு குண்டும், அதன் பின்னால் ஒரு சுருள்வில்லும் உள்ளன. கிறீஸ் கன்னின் அழுத்தத்தாற் குண்டு உள்ளே தள்ளப்பட, கிறீஸ் செல்லும். அழுத்தம் நின்றதும் வில் குண்டை மீண்டும் வாயில் நிறுத்தும். இதனாற் கிறீஸ் வெளிவராது. சேறும் நீரும் எளிதில் உட்புகா. இன்று வழங்கும் இவ்வகை நிப்பிளுக்கு ஒஸ்கார் சேர்க் என்பவர் 1929 இல் ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார்.

முன் அச்சின் திருகாணி, ஸ்டியரிங் மூட்டு, சுழல் கலப்பைக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டின் குறுக்கு மூட்டு, இழுவைப் பெட்டியின் சில்லுக் குடம் ஆகிய இடங்களில் நிப்பிள் காணப்படலாம். இது இயந்திர வகைக்கேற்ப வேறுபடும். ஆதலாற் கைந்நூலைப் பார்த்து நிப்பிள்களை எண்ணிக் குறித்து வைத்தல் நன்று.

கிறீஸ் இடும் முறை

முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. உயர்த்திய கலப்பையின் கீழ் உறுதியான கட்டை வைக்க வேண்டும்.

பின்னர் நிப்பிளின் வாயையும் கன்னின் முனையையும் துணியால் நன்கு துடைக்க வேண்டும். துடையாது கன்னைப் பொருத்தினால், வாயிலுள்ள மணல் கிறீசுடன் உள்ளே சென்று பெயாரிங்கை அரைத்துவிடும். அத்தகைய கிறீஸ் இடுதலிலும் இடாதிருத்தலே மேல் எனலாம்.

திறந்த மூட்டுகளிற் பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தோன்றும் வரை இடலாம். சீல் பொருத்திய பெயாரிங்குகளில் மெல்ல இட்டு, கை இறுகுவதை உணர்ந்ததும் நிறுத்துக. மேலும் அழுத்தினாற் சீல் பிதுங்கிவிடும். சேற்றில் உழைத்த இயந்திரத்துக்கு, கைந்நூல் கூறும் மணித்தியாலக் கணக்குக்கு முன்னரே கிறீஸ் வேண்டியிருக்கும். வெவ்வேறு வகைக் கிறீசைக் கலத்தலாகாது. சில வகைகள் ஒன்றோடொன்று சேரும்போது இளகி வழிந்துவிடும்.

கிறீஸ் ஏறாவிடின்

கன்னை வலிந்து அழுத்தாதிருக்க. மூட்டின் மீதுள்ள பாரத்தை ஜக்கினால் உயர்த்தித் தாங்கிவிட்டு, மூட்டைச் சற்று அசைத்து மீண்டும் முயல்க. அப்போதும் ஏறாவிடின் நிப்பிளைக் கழற்றி, அதனைத் தனியே கன்னிற் பொருத்திப் பார்க்க. நிப்பிளினூடாகக் கிறீஸ் வந்தால், அடைப்பு உள்வழியில் உள்ளது. இறுகிய பழைய கிறீசை மெல்லிய கம்பியால் வெளியே எடுக்க வேண்டும், உள்ளே தள்ளலாகாது. வராவிடின் நிப்பிளே பழுதாகும்.

மாற்றும் முறை

சுற்றுப்புறத்தைத் துடைத்த பின்னரே பொருத்தமான ஸ்பனரால் நிப்பிளைக் கழற்றுக. துவாரத்தைத் தூய துணியால் மூடி வைத்தல் வேண்டும். நிப்பிள்களின் புரி சிலவற்றில் மில்லிமீற்றர் அளவிலும், சிலவற்றில் அங்குல அளவிலும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்று மற்றொன்றிற்குப் பொருந்தாது. எனவே பழைய நிப்பிளைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குக.

புதியதை முதலிற் கையினால் இரண்டு மூன்று சுற்றுத் திருகி, பின் ஸ்பனரால் அளவாக இறுக்குக. நிப்பிள் துவாரத்தினுள் முறிந்துவிட்டால், துளையிட்டு எடுக்கும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுதலே நன்று. உலோகத் துகள் உள்ளே விழுந்தாற் பெயாரிங் கெடும்.

எச்சரிக்கை

கைக்கன்னிலிருந்தும் மிக உயர்ந்த அழுத்தத்திற் கிறீஸ் பாயக்கூடும். கசியும் இடத்தை விரலால் மூடலாகாது. கிறீஸ் தோலைத் துளைத்துப் புகுந்தாற் காயம் ஊசி குத்தியது போற் சிறிதாக, நோவின்றியும் இருக்கலாம். ஆயினும் விரலையே இழக்க நேரிடும். தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, கிறீஸ் உட்புகுந்ததைக் கூறுதல் வேண்டும்.

போகத்துக்கு முன்

பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக உழவுக்கும் இடைப்பட்ட நாட்களிலே எல்லா நிப்பிள்களையும் சோதித்து, பழுதானவற்றை மாற்றி, ரப்பர் மூடியிட்டு வைக்க. பொருந்தும் நிப்பிள்கள் சிலவற்றைக் கருவிப் பெட்டியில் வைத்திருத்தலும் வேண்டும். கிறீஸ் படிந்த துணியை வாய்க்காலில் எறியாதிருக்க. அந்நீரே கீழ்வயலுக்கும் செல்வது. நாள்தோறும் ஒரு துணியும் சில நிமிடமும் செலவிடும் கமக்காரர், உழவு நாளில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை.