தாளில் வரைந்த கோபுரமும் தறியில் எழுந்த கோபுரமும்

“துணி நெய்வதற்கு நான்கு ஆண்டுப் படிப்பா, சாமி?”

ஜவுளி வடிவமைப்புப் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கின்றனர். கேள்வியில் ஏளனம் இல்லை, அச்சமே உண்டு. கட்டணம், சென்னையில் விடுதிச் செலவு, படித்தபின் வேலை, மகளாயின் திருமணம் என அவர்களுடைய கவலைகள் நியாயமானவை. வேலை பற்றிய கவலைக்கு விடை சுருக்கமானது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளும், கரூரின் வீட்டுத்துணி ஏற்றுமதி நிலையங்களும், 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற நிறுவனங்களும் உள்ளவரை இப்படிப்புக்கு வழி உண்டு. ஆனால் நான்கு ஆண்டு ஏன் என்ற கேள்விக்கு விடை இறுதியாண்டில்தான் இருக்கின்றது.

சென்னை தரமணியில் 1995இல் தொடங்கிய நிஃப்ட் நிறுவனத்திலும், ஆமதாபாத்தில் 1961இல் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் இப்படிப்பு உண்டு. முதல் ஆண்டுகளில் மாணவர் கோடும் நிறமும் பயில்வர். நூலின் இயல்பு, சாயம், அச்சு, நெசவு ஆகியவற்றைக் கற்பர். அதுவரை ஆசிரியர் வினா கொடுப்பார், மாணவர் விடை தருவார். இறுதியாண்டில் இம்முறை தலைகீழாகின்றது. ஓர் ஆலையிலோ, ஒரு நெசவூரிலோ சில மாதங்கள் தங்கி, வினாவையும் மாணவரே கண்டுபிடித்துப் படைப்பொன்றை முடித்து, நடுவர் குழுமுன் வைக்க வேண்டும். வகுப்பில் முதல் மாணவியாக இருந்தவள் இங்கே தடுமாறுவதும், பின்வரிசையில் இருந்தவன் மலர்வதும் வியப்பன்று.

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வேன். 1899இல் பெர்லினில் பிறந்த ஆனி ஆல்பர்ஸ் என்னும் பெண்மணி, 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். நெசவுப் பட்டறையை அவர் விரும்பிச் சேரவில்லை. பெண்களை அங்கே அனுப்புவதே அப்பள்ளியின் வழக்கமாயிருந்தது. நூல் வலுவற்ற பொருள் என்று எண்ணியவரைத் தறி மெல்ல மெல்லத் தன்வயப்படுத்திற்று. 1930இல் பட்டத்திற்காக அவர் நெய்தது பூவேலையன்று. பெர்னாவ் நகரில் தொழிற்சங்கப் பள்ளியொன்றின் அரங்கில் எதிரொலி மிகுந்திருந்தது. அதன் சுவருக்கென ஒரு துணி நெய்தார். அதன் பின்புறம் ஒலியை உறிஞ்சும். முன்புறத்தில் செலோஃபேன் இழை கலந்து, ஒளியைத் திருப்பி அனுப்பும். அழகு எங்கே என்று தேடாமல், இவ்வறைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அழகு அதன்பின் வந்தது. 1949இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவர் நெசவுகளைத் தனிக் காட்சியாக வைத்தது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். புவிசார் குறியீடு பெற்ற பட்டு நெய்யும் ஆரணி, திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாகப் பேருந்தில் போய்வரும் தொலைவிலேயே உள்ளது. இடையில் தேவிகாபுரத்திலும் தறிகள் ஒலிக்கின்றன. இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு இங்கே என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள். அண்ணாமலையார் ஆலயத்தின் 217 அடி இராசகோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அதைப் படமெடுத்து, கணிப்பொறியில் செதுக்கி, சேலையின் முந்தானையில் வைக்கலாம் என்று திட்டமிட்டு வருகிறாள். தாளில் அது மிக அழகு. நெசவாளரோ படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “எத்தனை கொக்கி, அம்மா?” என்று கேட்பார்.

தறியின் மேலே அமைந்த ஜக்கார்டு பெட்டியில் கொக்கிகள் இத்தனை என்று ஒரு கணக்கு உண்டு. லியோன் நகரத்தில் 1804இல் ஜக்கார்டு என்பவர் செம்மையாக்கிய பொறி அது. துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவிழை மேலெழ வேண்டும் என்று சொல்லும். (பிற்காலத்தில் கணிப்பொறிக்கும் துளையட்டை முறை பயன்பட்டதை இளைஞர்கள் அறிந்திருப்பர்.) கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. கொக்கிகளின் எண்ணிக்கையைத் தாண்டி உருவம் விரியாது. வளைகோடு என்று நாம் காண்பதும் அங்கே சிறு சிறு படிகளே. கொக்கி குறைந்தால் படி பெரிதாகும். கோபுரத்தின் சிற்பங்கள் எல்லாம் குழம்பிய புள்ளிகளாகும்.

பழைய சேலைகளின் கோபுரக் கரையை மாணவி அப்பொழுதுதான் உண்மையில் காண்கிறாள். அதில் சிற்பமும் இல்லை, கலசமும் இல்லை. சில இழைகள் உள்ளே தள்ளிப் படிப்படியாய் ஏறும் முக்கோண வரிசை மட்டுமே. அதை நெய்தவர் கோபுரத்தைப் பார்க்கத் தெரியாதவரல்லர். தறிக்கு எது இயலும் என்பதை அறிந்து, எஞ்சியதை விட்டவர். மயில்கண், ருத்திராட்சம், மல்லிமொக்கு என்று நம் தாய்மார் பெயர் சொல்லும் உருவங்கள் எல்லாம் இப்படி விட்டு விட்டு எஞ்சியவையே. மாணவி தன் படத்தை மடித்து வைத்துவிட்டு, இருபது கட்டங்களுக்குள் ஒரு கோபுரத்தைத் தேடத் தொடங்கும் நாளே அவள் வளரும் நாள் என்பேன். முன்று ஆண்டுகளாய்ச் சேர்க்கக் கற்றவள் இப்பொழுது கழிக்கக் கற்கிறாள்.

இங்கே இன்னொரு செய்தி உண்டு. அதைப் பெற்றோரும் ஆசிரியரும் அதிகம் பேசுவதில்லை. மாணவியின் மாதிரித் துணி இரண்டு மீட்டர்தான். ஆனால் அதற்காக நெசவாளர் புதிதாய்ப் பாவு பூட்ட வேண்டும், அட்டை கட்ட வேண்டும், இழை அறுந்தால் முடிய வேண்டும். அந்நாட்களில் அவர் வழக்கமான சேலை நெய்திருந்தால் கூலி கிடைத்திருக்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களும் ஓடும். ஒருவர் தனியே அதை நெய்தல் அரிது. முற்காலத்தில் துணைக்குச் சிறுவர் அமர்ந்தனர். அவர்கள் பள்ளிக்குச் சென்றுவிட்டது நன்மையே. ஆனால் அவ்விடத்துக்கு இன்று ஆள் இல்லை. 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 இலட்சம் பேர் இத்தொழிலில் உள்ளனர், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய நாளைக் கேட்டு வாங்கும் மாணவர் அந்நாளுக்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். நடுவர்முன் வைக்கும் ஏட்டில் நெசவாளரின் பெயரையும் எழுத வேண்டும். இது தருமமன்று, நீதி. உழைப்பு மனிதனுக்காக, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் விரிவாக விளக்கியுள்ளார்.

ஆனி ஆல்பர்ஸ் இதை அறிந்திருந்தார். 1965இல் வெளிவந்த நெசவு பற்றிய தம் நூலை, தம் மாபெரும் ஆசிரியர்கள் என்று போற்றிப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்க்கே அர்ப்பணித்தார். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. யாத்திராகமமோ பெயரைச் சொல்கின்றது. கூடாரத் திருப்பணிக்கென ஆண்டவர் தம் ஆவியால் நிரப்பிய பெசலெயேலையும், உடன் உழைத்த அகோலியாபையும் குறித்து, நெசவுத் திறனையும் இறைவனின் கொடையாகவே எண்ணுகின்றது.

இறுதியாண்டுக்குப் பொருள் தேடும் நம் பங்குப் பிள்ளைகள் திருப்பலி உடையை நினைத்துப் பார்க்கலாம். ஓவியர் மத்தீஸ், நெசவாளர் நிறைந்த பொஹேன் நகரில் வளர்ந்தவர், தம் முதுமையில் வான்ஸ் நகரச் சிற்றாலயத்துக்கு வழிபாட்டு நிறங்களுக்கேற்பத் திருவுடைகள் வடிவமைத்தார். 1951இல் அவ்வாலயம் அர்ச்சிக்கப்பட்டது. நம் ஆலயங்களிலோ மின்னும் செயற்கை இழையில் தங்கநிறப் பட்டைகள் ஒட்டிய உடைகளே மிகுதி. கோடையில் அவற்றின் வெப்பத்தைக் குருக்கள் அறிவர். ஆடம்பரத்தை விட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்று 1963இன் திருவழிபாட்டுச் சாசனம் திருவுடைகளையும் சேர்த்தே கூறுகின்றது. தவக்கால ஊதா நிறத்தில், இருபது கட்டங்களுக்குள் அடங்கும் ஒரு சிலுவையை ஆரணித் தறியில் எழுப்புவது ஓர் இறுதியாண்டு முழுவதற்கும் போதிய வேலை. பாவு பூட்டுமுன் நெசவாளரின் கூலியைப் பேசிவிட வேண்டும். சாம்பல் புதனுக்கு உடை வேண்டுமானால் கார்த்திகைத் தீபம் கழிந்ததுமே ஆரணிக்குப் புறப்படுவது நல்லது.