களஞ்சியம் பருத்தால் என் செய்வது?



ஷோனெஃபெல்டில் நம்மிடையே வளரும் பிள்ளைகளுள் கணினி நிரல் எழுதக் கற்போரும் உளர். அவர்கள் கையாளும் கருவிகளுள் ஒன்று 'கிட்' என்பதாகும். பின்லாந்திற் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதனை ஆக்கினார். கோப்பு ஒன்று திருத்தப்படுந்தோறும் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பேணி வைப்பதே இதன் பணி. அவ்வாறு சேர்ந்த வடிவங்களின் தொகுதியையே களஞ்சியம் என்கிறோம்.

விழாக் காணொளி ஒன்றை மாணவர் ஒருவர் தவறுதலாகக் களஞ்சியத்திற் சேர்த்துவிட்டார் எனக் கொள்வோம். மறுநாள் அதனை நீக்குகிறார். திரையிற் கோப்பு இல்லை. களஞ்சியமோ சற்றும் இளைக்கவில்லை. கொப்பியில் ஒற்றையைக் கிழித்தெறிவது போன்றதன்று இது. 'இன்று நீக்கப்பட்டது' என்று கிட் இன்னொரு குறிப்பை எழுதிக்கொள்கிறது, அவ்வளவே. நேற்றைய வடிவம் உள்ளே அப்படியே இருக்கின்றது. களஞ்சியத்தை முழுமையாகப் படியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் அது செல்லும். காணொளியாயின் இடந்தான் வீண். கடவுச்சொல்லாயின்?

எடையைக் குறைக்க வழிகள் இரண்டு. முதலாவது, எதனையும் இழக்காமல் இறுக்கிக் கட்டுதல். ஒத்த வடிவங்கள் இரண்டனுள் ஒன்றை முழுமையாகவும், மற்றதை வேறுபாடுகளாக மட்டும் கிட் எழுதிவைக்கும். எவை ஒத்தவை என்பதைப் பெரும்பாலும் கோப்புப் பெயரின் இறுதி 16 எழுத்துக்களைக் கொண்டு ஊகிக்கும். பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் நோக்கி, இவர் அவருக்கு உறவினர் என இங்குள்ள அலுவலர் மயங்குவதை நாம் அறிவோமல்லவா? மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் களஞ்சியம் ஒன்றில், பெயரிறுதி ஒத்தும் உள்ளடக்கம் வேறுபட்டும் இருந்த கோப்புகள் மலிந்திருந்தமையால் இவ்வூகம் பிழைத்தது. களஞ்சியம் 178 கிகாபைட்டாகப் பருத்தது. கோப்பு இருக்கும் இடத்தையும் சேர்த்து முழுப் பெயரையே நோக்கும்படி மாற்றி, 2024 இல் மீளக் கட்டினர். 5 கிகாபைட்டாகச் சுருங்கிற்று! வரலாற்றில் ஒரு வரிகூட அழியவில்லை என்பதே எனக்குப் பெருவியப்பு.

இரண்டாவது வழி, வரலாற்றையே திருத்தி எழுதுதல். 'ஃபில்டர் ரெப்போ' என்னும் கருவி அக்காணொளியைப் பழைய வடிவங்கள் அனைத்திலிருந்தும் களைந்துவிடும். ஆயின், காணொளி புகுந்த நாள்முதலான ஒவ்வொரு வடிவத்தின் அடையாள எண்ணும் மாறிவிடும். உடன் பணியாற்றுவோர் எல்லோரும் தத்தம் பழைய படிகளை விடுத்துப் புதியதை எடுத்தல் வேண்டும். ஒருவர் மறந்து பழையதிலிருந்து அனுப்பினாலும் காணொளி மீண்டும் வந்து குடியேறும். கடவுச்சொல் உட்புகுந்திருந்தால், களையத் தொடங்குமுன் அதனை மாற்றிவிடுக. முன்னரே படியெடுத்துச் சென்றவர் யாவரென நாம் அறியோம்.